காலையில் வெறும் வயிற்றோடு வரும் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன செய்யலாம்?

கணக்கு டீச்சர், நிலக்கோட்டைப் பக்கம்:

வணக்கம். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை கணக்கு எடுக்கிறேன். எங்கள் ஊரில் பலருக்கும் மல்லிகைத் தோட்டத்தில்தான் வேலை. மொட்டு விரிவதற்குள் பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்ப வேண்டும். அதனால் அம்மாக்கள் விடிவதற்கு முன்பே நெற்றியில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

என் வகுப்பில் ஒரு பெண். அவள் தம்பி இதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு. காலை உணவுக்கு அவனை உட்கார வைத்துவிட்டு, அவன் சாப்பிட்டு முடிக்கும் வரை தூண் பக்கத்தில் நிற்பாள். அவன் பொங்கலில் மிளகைப் பொறுக்கி ஒதுக்கினால், "அதையும் சேர்த்துச் சாப்பிடு" என்று அதட்டுவாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வகுப்புக்கு வருவாள். பின்னக் கணக்கை மனதிலேயே போடக்கூடிய பிள்ளை. ஆனால் பதினொரு மணிக்கு மேல் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், கை எழுதுவதில்லை. போன வாரம் பிரேயரில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சாப்பிட்டாயா என்று கேட்டால் "சாப்பிட்டேன் டீச்சர்" என்கிறாள்.

அம்மாவைப் பார்த்துப் பேசினேன். முன்பெல்லாம் இரண்டு பேருக்கும் சேர்த்து ஏதாவது செய்து வைத்துவிட்டுத்தான் போவாராம். சின்னவன் பள்ளியிலேயே சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து காலையில் அடுப்பு பற்றவைப்பதில்லை. "நான் பழையது சாப்பிட்டுக்கிறேன்" என்று இவள் சொல்லிவிடுகிறாள். ராத்திரி சோறு மிஞ்சினால்தானே பழையது!

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. எங்கள் சின்னப் பிள்ளைகள் இப்போது நேரத்துக்கு வருகிறார்கள், முகத்தில் தெளிவு இருக்கிறது. ஆனால் எங்கள் பள்ளியில் அது ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போன பிள்ளைக்கு ஏப்ரலில் இருந்த அதே பசிதான். இவளிடம் தனியாக ஒரு பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினால் வாங்க மாட்டாள். யாரையும் அடையாளம் காட்டாமல் இதை எப்படிச் செய்வது?

சத்துணவு அமைப்பாளர்:

டீச்சர், காலை உணவில் மிஞ்சினால் தரலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அது எண்ணிக்கை பார்த்துச் சமைப்பது. மிஞ்சுமா என்று அந்தப் பெண்ணைக் காத்திருக்க வைப்பது பட்டினியை விடக் கொடுமை.

மதியம் நம் கையில் இருக்கிறது. ஆறு முதல் எட்டு வரை ஆளுக்கு 150 கிராம் அரிசி. பெரிய பெண்கள் வெட்கப்பட்டு "போதும்க்கா" என்று தட்டை இழுத்துக்கொள்வார்கள். எங்கள் சமையலர் அதைக் கேட்டும் கேட்காத மாதிரி இன்னொரு கரண்டி வைப்பார். பரிமாறும் வேலையைப் பெரிய பெண்கள் தலையில் கட்டி, கடைசியில் உட்கார வைக்காதீர்கள். அப்புறம், வியாழக்கிழமை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகே கொடுங்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், அடுத்த வாரம் ஜன்னல் வழியே எறிந்துவிடுவார்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தருமபுரி:

வகுப்பு முழுவதுக்கும் கொடுங்கள் அம்மா, வேறு வழியே கிடையாது. "யார் சாப்பிடவில்லை, கை தூக்கு" என்று கேட்ட அன்றே அந்தப் பிள்ளையை நாம் இழந்துவிடுவோம்.

எங்கள் பள்ளியில் காலை இடைவேளையில் எல்லாருக்கும் ஒரு கிண்ணம் சுண்டல் கொடுத்தோம். ஆசிரியர்களும் அதையேதான் சாப்பிட்டோம். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டுச் செய்தது. நிலக்கடலை அறுவடை சமயத்தில் பெற்றோர் ஆளுக்கு இரண்டு படி கொண்டுவந்து தந்தார்கள், அவித்துக் கொடுத்தோம். மற்ற மாதங்களில் கொண்டைக்கடலை, தட்டைப்பயறு. வெளியிலிருந்து உதவி வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் போட்டோ எடுக்க விரும்புகிறவர்களிடம் வேண்டவே வேண்டாம். பிரேயரில் உட்கார்ந்த பிள்ளைக்கு ரத்தசோகை இருக்கலாம். பரிசோதனைக்கு மருத்துவக் குழு வரும்வரை காத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துவிடுங்கள்.

பூப்பறித்தவர் மகள்:

நானும் தம்பியைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போன அக்காதான். அம்மாவைத் தயவுசெய்து குறை சொல்லாதீர்கள். கூலி கிலோ கணக்கில், அரை மணி நேரம் தாமதமானால் வருமானம் போய்விடும். ரேஷன் அரிசி இலவசமாகக் கிடைக்கிறது, அந்த வீட்டில் இல்லாதது நேரம். ராத்திரி வடிக்கும்போதே ஒரு ஆழாக்கு கூடப் போட்டு, காலைக்கென்று தனிச் சட்டியில் தண்ணீர் ஊற்றி வைக்கச் சொல்லுங்கள். மிஞ்சினால் பார்க்கலாம் என்றால் அக்காக்காரி மிஞ்ச விடமாட்டாள், தம்பி தட்டில் போட்டுவிடுவாள்.

கணக்கு டீச்சர்:

மூன்று பேருக்கும் நன்றி. தனிச் சட்டி விஷயத்தை இன்று சாயங்காலமே அம்மாவிடம் சொல்லப்போகிறேன். எங்கள் மேலாண்மைக் குழுத் தலைவியும் பூப்பறிக்கப் போகிறவர், அவருக்கு இதை விளக்கவே தேவையில்லை. சார், அறுபது பிள்ளைகளுக்குக் கொண்டைக்கடலை எவ்வளவு பிடிக்கும்? ஊறப்போடுவது யார்?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தருமபுரி:

ஒன்றேகால் கிலோ போதும். சமையலர் அம்மா வீட்டுக்கு எடுத்துப் போய் ராத்திரி ஊறப்போடுவார். வெயில் காலத்தில் படுக்கப் போகும் முன் ஒரு தடவை தண்ணீரை மாற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் புளித்துவிடும்.