15-வது திருத்தம் இருந்தும் கறுப்பர்களை ஓட்டுப் போடாமல் தடுத்தது எப்படி?

கோத்தகிரி வாசகன்:
வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தில் அடுத்த ஞாயிறு அமெரிக்கக் கறுப்பர்களின் வாக்குரிமை பற்றிப் பேசவேண்டும். நிறத்தைக் காட்டி ஓட்டை மறுக்கக் கூடாது என்று 1870லேயே 15-வது திருத்தமாக அரசியல் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். அப்புறம் 1965ல் வாக்குரிமைச் சட்டம் என்று தனிச் சட்டம் எதற்கு? அடிதடி, கொலை மிரட்டல் எல்லாம் தெரிந்த கதை. ஆபீஸ் மேஜையில் என்ன நடந்தது என்றுதான் தெரியவேண்டும். வருகிறவர்களில் பாதிப்பேர் டான்டீ (அரசுத் தேயிலைத் தோட்டம்) லைன் வீட்டுக்காரர்கள், இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள்.

கூடலூர் மணி:
முதலில் ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிடுங்கள். இங்கே பட்டியல் தயாரிப்பது அரசாங்கத்தின் வேலை, பிஎல்ஓ (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வீடு தேடி வருவார். அங்கே குடிமகன்தான் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) கோர்ட்டுக்குப் போய்ப் பதியவேண்டும். ஆகவே தடுப்பெல்லாம் பூத்தில் இல்லை, பதிவாளர் மேஜையில்.

தெற்கு மாநிலமான மிசிசிப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஓட்டுப் போடக் கட்டவேண்டிய தலைவரி, ஆண்டுக்கு 2 டாலர். 2 ஆண்டு ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கவேண்டும், கூலிக்காரனுக்கு அதுவே பெரிய தொகை. பிறகு படிவம், யார் உதவியும் இல்லாமல் நிரப்பவேண்டும். 1954ல் விதியை இறுக்கிய பிறகு, மாநில அரசியல் சட்டத்தின் 285 பிரிவுகளில் பதிவாளர் காட்டும் ஒன்றைப் பார்த்து எழுதி, அதற்கு அர்த்தமும் எழுதவேண்டும். குடிமகனின் கடமைகள் என்ன என்றும் ஒரு பத்தி. மார்க் கிடையாது, விடைத்தாளைத் திருத்தும் முறை கிடையாது. பதிவாளருக்குத் திருப்தியானால் பாஸ். கடனுக்காக யாரையும் சிறையில் போடக் கூடாது என்று ஒற்றை வரியில் முடிகிற 30-வது பிரிவும் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறது, பக்கம் நிறைய ஓடும் பிரிவுகளும் இருக்கின்றன. எது யாருக்குப் போகும் என்பதைப் பதிவாளர் தீர்மானிப்பார்.

1962ல் இன்னொன்று சேர்த்தார்கள். விண்ணப்பித்தவர் பெயர் உள்ளூர்ப் பத்திரிகையில் 2 வாரம் வரும். பண்ணை முதலாளி அதைப் படிப்பார். மறுநாள் வேலை இல்லை, குடியிருக்க வீடு இல்லை, கடையில் கடனும் இல்லை. 1964ல் அங்கே ஓட்டு வயதுக் கறுப்பர்களில் பதிவாகியிருந்தவர்கள் 6.7 சதவீதம்தான். இத்தனை விதிகளிலும் நிறம் என்ற சொல் ஓரிடத்தில்கூட வராது. கோர்ட்டில் அதனால்தான் தப்பித்தார்கள்.

பண்ணைக்காடு சாந்தி:
மணி அண்ணன் சொன்னதில் ஒரு கேள்வி எழும்: எழுதப் படிக்கத் தெரியாத ஏழை வெள்ளையன் என்ன ஆனான்? அவனுக்கென்று ஒரு பின்வாசல் வைத்தார்கள். லூசியானா 1898ல் போட்ட விதிப்படி, 1867 ஜனவரி 1 அன்று நீயோ உன் அப்பாவோ தாத்தாவோ ஓட்டுரிமை பெற்றிருந்தால் தேர்வும் வேண்டாம், சொத்துக் கணக்கும் வேண்டாம். தெற்கில் கறுப்பர்களுக்கு ஓட்டுக் கொடுத்த சட்டம் வந்ததே 1867 மார்ச்சில்தான்! 1896ல் அந்த மாநிலத்தில் 1,30,334 கறுப்பர்கள் பதிவாகியிருந்தார்கள். 1904ல் 1,342 பேர்.

ஓக்லஹோமாவின் இதே மாதிரி விதியை 1915ல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. உடனே அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1914ல் ஓட்டுப் போட்டவர்கள் எல்லாம் தானாகவே பட்டியலில், மற்றவர்கள் 1916ல் 12 நாளுக்குள் பதியவேண்டும், தவறினால் ஆயுளுக்கும் கிடையாது. அதைத் தள்ள 1939 ஆயிற்று.

உங்கள் டான்டீ ஆட்களுக்கு இந்தத் தாத்தா விதியைத் தனியாக விளக்கவே வேண்டாம். 1948 இலங்கைக் குடியுரிமைச் சட்டம் கேட்டது அதே மாதிரிதானே: அப்பா அங்கே பிறந்ததற்கு, இல்லையென்றால் அப்பாவின் அப்பாவும் அவர் தகப்பனும் அங்கே பிறந்ததற்கு ஆதாரம். தோட்டத்தில் யாரிடம் இருந்தது அந்தக் காகிதம்? அடுத்த வருஷம் ஓட்டும் போயிற்று. ஆனால் இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். இலங்கையில் குடியுரிமையே பறிபோனது. அமெரிக்காவில் காகிதத்தில் குடிமகன்தான், ஓட்டு மட்டும் இல்லை.

கோத்தகிரி வாசகன்:
நன்றி அக்கா. 1957, 1960லேயே சிவில் உரிமைச் சட்டங்கள் வந்தனவே, அவை ஏன் பலிக்கவில்லை?

கூடலூர் மணி:
அவை வழக்கு போடும் சட்டங்கள், தம்பி. மத்திய நீதித்துறை ஒவ்வொரு கவுண்டியாகப் போய் நிரூபிக்கவேண்டும், வருஷக்கணக்கில் இழுக்கும். அலபாமாவின் மேக்கன் கவுண்டியில் பதிவாளர்கள் ராஜினாமா செய்துவிட்டார்கள், வழக்குப் போட ஆளே இல்லை! மாநிலத்தையே பிரதிவாதியாக்கலாம் என்று 1960 சட்டத்தில் சேர்க்கவேண்டியதாயிற்று. அதே மாநிலத்தின் செல்மா நகரில் பதிவு அலுவலகம் மாதம் இரண்டே திங்கட்கிழமைதான் திறக்கும்.

1965 ஆகஸ்ட் 6 சட்டம் சுமையைத் திருப்பிப் போட்டது. 1964 நவம்பரில் தேர்வு வைத்திருந்து, பதிவோ வாக்குப்பதிவோ 50 சதவீதத்துக்குக் கீழே இருந்த இடங்களில் தேர்வு உடனே நிறுத்தம். யாருடைய உள்நோக்கத்தையும் நிரூபிக்கவேண்டியதில்லை. தேவைப்பட்ட இடத்தில் மத்திய அதிகாரியே உட்கார்ந்து பதிந்தார். அந்த இடங்களில் தேர்தல் விதியை மாற்றவேண்டுமானால் 2013 வரை முன்கூட்டியே வாஷிங்டனில் அனுமதி வாங்கவேண்டியிருந்தது. மிசிசிப்பியில் 1967க்குள் கறுப்பர்களில் 59.8 சதவீதம் பதிவாகிவிட்டது. தலைவரி தனிக் கதை: 1964ல் 24-வது திருத்தம் மத்தியத் தேர்தலுக்கு மட்டும் நீக்கியது, மாநிலத் தேர்தலுக்கு உச்ச நீதிமன்றத்தின் 1966 தீர்ப்பு நீக்கியது.

பண்ணைக்காடு சாந்தி:
ஒன்று மட்டும். 10 நிமிடத்தில் 30 கேள்வி என்று ஒரு லூசியானா வினாத்தாள் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது 1964ஐச் சேர்ந்தது. தெற்கு முழுக்க அதுதான் நடந்தது என்று நகல் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். அதற்குப் பதில் மிசிசிப்பி படிவத்தின் கேள்விகளைத் தமிழில் எழுதி, நம் அரசியல் சட்டத்தில் ஒரு நீளமான பிரிவைக் கொடுத்து அர்த்தம் எழுதச் சொல்லுங்கள். திருத்துவதற்கு யாராவது ஒருவரைப் பதிவாளராக உட்காரவையுங்கள், ஏன் ஃபெயில் என்று அவர் காரணம் சொல்லவேண்டியதில்லை.