குடிய விடணும்னு அவரே கேக்கறாரு, வேலந்தாவளம் பக்கம் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடிய விட நெனைக்கறவங்க கூடிப் பேசற கூட்டம்) மீட்டிங்குக்கு எப்படிப் போறதுங்க?

வேலந்தாவளம் தங்கச்சி:
வணக்கமுங்க. கேரளா பார்டர்ல இருக்கோம், வீட்ல பேசறதெல்லாம் தமிழ்தானுங்க. வீட்டுக்காரரு மார்க்கெட்ல காய் லோடு அடிக்கிற டெம்போ டிரைவரு. கல்யாணமாகி 9 வருஷம், அதுல 7 வருஷமா குடிதான். ஒண்ணாந்தேதி கேரளாவுல பிராந்திக்கடை லீவுன்னா செக்போஸ்ட் தாண்டி டாஸ்மாக்குக்குப் போயிருவாரு, அங்க லீவுன்னா இக்கட்டால, பார்டர்ல இருக்கறவங்களுக்கு கடை மூடின நாளே கிடையாதுங்க. போன செவ்வாக்கிழமை நடு ராத்திரி முழிச்சுப் பாத்தா திண்ணைல உக்காந்திருக்காரு, "என்னால தனியா முடியல, எங்கயாச்சும் கூட்டிட்டுப் போ"ன்னாரு. இத்தன வருஷத்துல அவரு வாயால கேட்டது இதான் மொத தடவ, மனசு மாறறதுக்குள்ள போயிரணும். காசு எவ்வளவு கட்டணுங்க, மலையாளத்துல மட்டும்தான் பேசுவாங்களா, சர்ச்சுல நடக்குதுங்கறாங்க நாங்க மாகாளியம்மன கும்புடறவங்க பரவால்லீங்களா? தெரிஞ்சவங்க பாத்துட்டா லோடு குடுக்க மாட்டாங்கன்னு அவருக்கு பயம் வேற. எங்க அத்தை யாருகிட்டயோ சாம்பார்ல கலக்கற மாத்திரை வாங்கி வெச்சிருக்காங்க, குடுக்கலாமான்னும் சொல்லுங்க.

பொள்ளாச்சி ரோடு:
தங்கச்சி, நானும் குடிநோயாளிதாம்மா, கடைசியா குடிச்சு 6 வருஷம் ஆச்சு. காசு ஒரு பைசா கட்ட வேண்டாம், ஆதாரெல்லாம் கேக்க மாட்டாங்க. ஒரு பை சுத்தி வரும், முடிஞ்சா 10 ரூபா போடலாம், இல்லைன்னா அப்படியே பக்கத்து ஆளுகிட்ட தள்ளிவிட்டரலாம். குடிய விடணும்ங்கற ஆசை இருந்தா போதும், வேற தகுதி கிடையாது. சர்ச் ஹால்ங்கறது எடம் கெடைக்கறதால, ஸ்கூல்லயும் ஆஸ்பத்திரி ரூம்லயும்கூட நடக்கும், எந்த மதத்தோடயும் சேந்தது இல்ல. 'நாம புரிஞ்சுக்கிட்டபடி கடவுள்'னுதான் ஏஏ வழிமுறைல வரும், அவருக்கு மாகாளியம்மன்னா மாகாளியம்மன்தான். 1935ல அமெரிக்காவுல ஒரு பங்குச்சந்தை ஆளும் ஒரு டாக்டரும், ரெண்டு பேருமே குடிநோயாளிங்க, ஒருத்தருக்கொருத்தர் பேசிப் பேசியே குடிக்காம இருந்தாங்க, அதுல ஆரம்பிச்சதுதான் இது, இன்னைக்கும் அங்க நடக்கறது அந்தப் பேச்சுதான், யாரும் பாடம் எடுக்க மாட்டாங்க.

நான் மொத நாள் போனப்ப கை நடுங்கி டீ பூரா வேட்டில சிந்திருச்சு. பக்கத்துல இருந்த பெரியவரு ஒண்ணுமே கேக்கல, வேற டம்ளர்ல பாதி மட்டும் ஊத்தி "ரெண்டு கையால புடி"ன்னு குடுத்தாரு. அவரு கையும் ஒரு காலத்துல இப்படித்தான் ஆடியிருக்கும்னு அப்பறந்தான் புரிஞ்சுது.

ஏஏ இந்தியா வெப்சைட்ல ஊர் பாத்து போன் நம்பர் எடுத்துக்கங்க, எடமும் நேரமும் மாறும், அதனால கேட்டுட்டு கெளம்புங்க. ஓப்பன் மீட்டிங்னா நீங்களும் கூடப் போய் உக்காரலாம், க்ளோஸ்டுன்னா குடிய விட நெனைக்கறவங்க மட்டும். அங்க யாரு வந்தாங்க என்ன பேசுனாங்கன்னு வெளிய சொல்லக்கூடாதுங்கறதுதான் வழக்கம், அப்படியும் பயமா இருந்தா அக்கட்டால பொள்ளாச்சிக்கோ கோயமுத்தூருக்கோ போகட்டும். நான் மொத வருஷம் அந்த பயத்துலதான் பாலக்காட்டுக்கே போனேன், மலையாளம் அரைகுறை, தமிழ்ல பேசுனேன், அத்தன பேருக்கும் புரிஞ்சுது.

நைட் டூட்டி சிஸ்டர்:
அந்த மாத்திரைய தயவுசெஞ்சு சாம்பார்ல கலக்காதீங்க. பெரும்பாலும் அது டைசல்ஃபிரமா இருக்கும், டாக்டர் பாத்து, சாப்பிடறவருக்கு தெரிஞ்சு, அவரு சம்மதத்தோட குடுக்க வேண்டியது. தெரியாம அதுக்கு மேல குடிச்சா வாந்தி, நெஞ்சு படபடப்பு, பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்தாயிரும். இன்னொண்ணு, தினம் குடிக்கறவரு திடீர்னு நிறுத்துனா ஆறேழு மணி நேரத்துலயே நடுக்கம் ஆரம்பிக்கும், ரெண்டு நாளைக்குள்ள ஃபிட்ஸ் வரலாம், ரெண்டு மூணு நாள்ல இல்லாத பூச்சிய சுவத்துல காட்டி உளறலாம், நான் வார்டுல பாத்திருக்கேன், நேத்து வரைக்கும் நல்லா பேசுனவரு பொண்டாட்டியவே யாருன்னு கேட்டாரு. அதனால மொதல்ல அரசு ஆஸ்பத்திரி மனநல ஓபி, அங்க மருந்தும் பி1 வைட்டமினும் குடுத்து பாத்துக்குவாங்க. மீட்டிங் அதுக்கு பதில் இல்ல, அதோட கூடவே. 14446க்கு அடிச்சா ஃப்ரீயா வழி சொல்லுவாங்க, கேரளா பக்கம்னா விமுக்திங்கற கேரள அரசோட போதை ஒழிப்புத் திட்டம், நம்பர் 14405.

மீனாட்சிபுரம் அக்கா:
கண்ணு, நீயும் போ. வீட்ல இருக்கறவங்களுக்கு அல்-அனான்னு தனியா ஒரு கூட்டம் இருக்கு, அதுவும் ஃப்ரீதான். பாட்டில்ல தண்ணி கலந்து வெக்கறது, மொதலாளிக்கு போன் போட்டு காய்ச்சல்னு பொய் சொல்றது, எல்லாம் நான் செஞ்சேன், அது அவரக் காப்பாத்தல, என்னையத்தான் தின்னுச்சுன்னு அங்க உக்காந்தப்பதான் தெரிஞ்சுது. எங்கூட்டுக்காரரு மீட்டிங் போக ஆரம்பிச்சு நாலாவது மாசம் திரும்பக் குடிச்சாரு. நான் ஒடிஞ்சே போயிட்டேன். ஆனா மறுவாரம் போனப்ப அங்க ஒருத்தரும் ஏன்னு கேக்கல, அதே நாற்காலிய இழுத்துப் போட்டாங்க. அப்படி ஆனாலும் நீ வெசனப்பட்டு விட்டுராத கண்ணு.

வேலந்தாவளம் தங்கச்சி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. சிஸ்டர் எழுதுனத அத்தைக்கு படிச்சுக் காட்டுனேன், முந்தானைல முடிஞ்சு வெச்சிருந்த மாத்திரைய அவுத்து எங்கையில குடுத்துட்டாங்க. நாளைக்கு லோடு எறக்கிட்டு நேரா ஓபிக்கு வர்றேன்னுருக்காரு. டாக்டர் சரின்னா ஞாயித்துக்கெழம பொள்ளாச்சிங்க, போன்ல பேசிட்டேன், தமிழ்லதான் நடக்குதாம், நானும் வரலாம்னாங்க. ஒண்ணே ஒண்ணு அண்ணா, வாசல்ல தயங்கி நின்னுட்டாருன்னா நான் என்ன சொல்லட்டும்?

பொள்ளாச்சி ரோடு:
ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா. கடைசி வரிசைல உக்காந்தா போதும், பேரு சொல்லி பேசணும்னுகூட கட்டாயமில்ல, கேட்டுட்டு எந்திரிச்சு வரலாம்.