நகல் படம் சேர்ப்பவர்கள் அனுபவங்கள்: அமெரிக்க மேற்கின் முகங்கள்

அமெரிக்க மேற்கின் பேர்போன கொள்ளைக்காரன் பில்லி த கிட் படத்தின் நகல் கைக்கு வந்தால் முகத்தைப் பிறகு பாருங்கள், முதலில் துப்பாக்கியைப் பாருங்கள். 1880 வாக்கில், நியூ மெக்சிகோவின் ஃபோர்ட் சம்னரில் எடுத்த டின்டைப் அது. நெகட்டிவ் கிடையாது, இரும்புத் தகட்டிலேயே படம் விழுவதால் இடவலம் மாறிவிடும். இதனால்தான் ஆளை இடக்கைக்காரன் என்று வெகுகாலம் நம்பினார்கள். காட்டிக்கொடுத்தது கையிலிருந்த 1873 மாடல் வின்செஸ்டர் துப்பாக்கி: தோட்டா செருகும் வாய் வலப்பக்கம் இருக்க வேண்டியது, படத்தில் இடப்பக்கம் தெரிகிறது. நகல்களில் திருப்பியதும் உண்டு, திருப்பாததும் உண்டு. எதுவென்று பின்னால் எழுதாததை வாங்குவதில்லை.

*

மேலே சொன்னது சரி. ஆனால் நகலை அசல் என்று தள்ளிவிடுவதுதான் பெரிய தலைவலி. 10 மடங்கு லென்ஸ் போதும். ஒழுங்கான புள்ளி வரிசை தெரிந்தால் அச்சகத்தில் அடித்தது. பல நிறத் துளிகள் தெரிந்தால் இங்க்ஜெட். முட்டை வெள்ளைக்கரு பூசிய அந்தக் காலத்து அசல் ஆல்புமன் தாளில் புள்ளியே இருக்காது, தாளின் நார் தெரியும். புற ஊதா விளக்கில் அட்டை நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அது நம் பாட்டன் காலத்து அட்டை இல்லை. டின்டைப் என்றால் காந்தம் வையுங்கள்; இன்று செய்பவர்கள் பெரும்பாலும் அலுமினியத் தகடு போடுவதால் ஒட்டாது. ஒட்டிவிட்டால் மட்டும் அசல் ஆகிவிடாது.

படத்தின் முதுகில் அமெரிக்க அரசின் வரி ஸ்டாம்ப் இருக்கிறதே, அசல்தான் என்பார்கள். படங்களுக்கு அந்த வரி 1864 செப்டம்பர் முதல் 1866 ஆகஸ்ட் வரைதான். 1880-களின் முகத்துக்குப் பின்னால் அது இருந்தால் சிரித்துவிட்டு நகரலாம். லகோட்டா பழங்குடித் தலைவர் கிரேஸி ஹார்ஸ் என்று காட்டும் படமும் அப்படித்தான். அவருடையது என்று ஐயமற நிரூபணமான படம் ஒன்றுகூட இல்லை.

*

சொந்தமாக அச்சிடுபவர்களுக்கு: அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத் தளத்தில் பெரிய டிஃப் (TIFF) கோப்பு கிடைத்தால் அதையே எடுங்கள், ஜேபெக் வேண்டாம். கேபினட் கார்டு, அதாவது அந்தக் காலத்தில் படம் ஒட்டித் தந்த கெட்டி அட்டை, 4¼ × 6½ அங்குலம். அதில் ஒட்டும் படம் 4 × 5½ என்றால் 300 டிபிஐ-க்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) குறைந்தது 1200 × 1650 பிக்சல் வேண்டும். செபியா ஃபில்டர் போடாதீர்கள், எல்லாம் டீக்கறை ஆகிவிடும். ஆல்புமனில் நிழல் ஊதா கலந்த பழுப்பு, வெளிச்சப் பகுதி மட்டும்தான் மஞ்சள்.

ஒட்டுவதற்குக் கோதுமை மாவுப் பசை. பிரின்டரில் டை மை (கரையும் சாயம்) என்றால் ஈரத்தில் பரவும், பிக்மென்ட் மைதான் (கரையாத நிறத்துகள்) தாங்கும். பசை பட்டதும் தாள் விரியும், காயும்போது சுருங்கி அட்டையையே வளைக்கும். அட்டையின் முதுகிலும் அதே கனத்தில் ஒரு தாள் ஒட்டி, இரண்டு பக்கமும் உறிஞ்சுதாள் வைத்து ஒரு நாள் பாரத்தில் விடுங்கள். பிறகு பின்பக்கம் பென்சிலால் ‘நகல்’ என்றும் ஆண்டும்.