கண்மாய்க் கட்லாவின் வளர்ச்சியும் ஆயுளும்

மேலூர்ப் பக்கத்துக் கண்மாய் ஒன்றின் மீன் குத்தகையில் நானும் ஒரு பங்குதாரர். வேகமாக வளரும் மீனுக்கு ஆயுள் குறைவு என்று இங்கே ஒரு நண்பர் எழுதியிருந்தார். இனத்துக்கு இனம் ஒப்பிட்டால் அது பெரும்பாலும் சரியே. ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளராத கிரீன்லாந்து சுறா குறைந்தது 272 ஆண்டுகள் வாழும் என்று 2016-இல் அதன் கண்வில்லையை ஆராய்ந்து கணித்தார்கள். பவளப்பாறையில் வாழும் ஒரு குட்டி மீனுக்கோ மொத்த ஆயுளே 59 நாட்கள்தான்.

ஒரே இனத்துக்குள்ளும் இது பொருந்துகிறது என்பதுதான் எனக்கு வியப்பு. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் ஸ்டிக்கிள்பேக் என்னும் சிறு மீனின் குஞ்சுகளைச் சில காலம் குளிர்ந்த நீரில் வைத்து வளர்ச்சியைத் தடுத்துவிட்டு, பிறகு வழக்கமான வெப்பநிலைக்கு மாற்றியபோது, விட்டதைப் பிடிக்க அவை விரைந்து வளர்ந்தன. ஆனால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழ 15 விழுக்காடு குறைந்தது. மாறாக, முதலில் வேகமாக வளர்ந்து பிறகு வளர்ச்சி மெதுவாக்கப்பட்டவை 30 விழுக்காடு கூடுதலாக வாழ்ந்தன. அவசரமாகக் கட்டப்படும் உடம்பில் சேதமும் கூடுதலாகச் சேர்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

இதைப் படித்தபோது எங்கள் கண்மாயில் விடும் கட்லாக் குஞ்சுகள்தாம் நினைவுக்கு வந்தன. ஐப்பசி, கார்த்திகை மழையில் பெருகும் கண்மாய் சித்திரைக்குள் வற்றிவிடுவதால், பண்ணையில் நெருக்கமாக அடைத்து, அரைவயிற்றுத் தீவனத்தில் வளர்ச்சியைக் கட்டிப்போட்ட பெரிய குஞ்சுகளையே வாங்கி விடுகிறோம். பொடிக்குஞ்சாக விட்டால் விராலும் நீர்க்காகமும் பாதிக்கு மேல் தின்றுவிடும். இந்தப் பெரிய குஞ்சுகளோ கண்மாய்த் தண்ணீரைக் கண்டதும் மளமளவென்று வளர்ந்துவிடும். அந்த வேகத்துக்கு ஆயுளில் ஒரு விலை உண்டென்றாலும், அதைக் கொடுக்கும் காலம் வருவதற்குள் எங்கள் கட்லா சந்தைக்குப் போய்விடுகிறது. ஆகவே கண்மாயில் மீன் சாவைத் தீர்மானிப்பது அதன் முதுமையன்று, குஞ்சின் அளவும் தண்ணீரின் இருப்புமே என்பது என் கருத்து.

சென்ற அழிகண்மாய் அன்று, அதாவது நீர் வற்றியபின் ஊரே இறங்கி மீன் பிடிக்கும் நாளில், ஒரே லோடில் வந்த இரு கட்லாக்கள் ஒரே ஊத்தாவில் (மீன் பிடிக்கும் கூடையில்) சிக்கின. ஒன்று கிலோவைத் தாண்டி முதுகு திரண்டிருந்தது. மற்றது தலை மட்டும் பெருத்து, உடல் ஒட்டிப்போயிருந்தது. இரண்டில் எது நெடுநாள் வாழ்ந்திருக்கும் என்று கண்மாயில் அறிய வழியில்லை. வற்றாத கிணற்றில் மீன் விட்டுப் பல ஆண்டுகள் பிடிக்காமல் வைத்திருக்கும் நண்பர்கள், சோர்ந்து வளர்ந்தவை பிந்திச் சாகின்றனவா என்று கவனித்திருந்தால் எழுதுங்கள்.