"என்ன விசேஷம்?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

பழகுதமிழ்:
போனிலும் நேரிலும் "அப்புறம், என்ன விசேஷம்?" என்கிறார்கள். நிஜமாகவே செய்தி கேட்கிறார்களா, சும்மா பேச்சுக்கா? திருப்பி நான் யாரிடமெல்லாம் கேட்கலாம்?

கரிசல்மண்:
பெரும்பாலும் பேச்சை நகர்த்தத்தான். "ஒண்ணும் விசேஷமில்ல, நீங்க சொல்லுங்க" போதும். அந்த "நீங்க சொல்லுங்க"வை விட்டுடாதீங்க. வெறும் "ஒண்ணுமில்ல"ன்னு நிறுத்தினா பேசப் பிடிக்கலைன்னு எடுத்துக்குவாங்க. வேலை மாறினது, வரன் அமைஞ்சது மாதிரி நல்ல சேதி இருந்தா சொல்ல வேண்டிய இடமும் இதுதான்.

பெரியவங்ககிட்ட எடுத்த எடுப்பில் கேட்காதீங்க. முதல்ல "நல்லா இருக்கீங்களா?", உடம்பு, வீட்டில் எல்லாரும் எப்படின்னு விசாரிச்சிட்டு, அப்புறம் "என்னங்க விசேஷம்?". அந்த "ங்க" விட்டுப்போனா அதட்டலா கேட்கும்.

நெல்லைச்சீமை:
புதுசா பழகுறவங்க "என்ன விஷயம்?" என்று மாத்திச் சொல்லிடுறாங்க. அது "எதுக்கு வந்தே, என்ன வேணும்?" என்கிற மாதிரி. வீட்டுக்கு வந்தவரை வாசலிலேயே அப்படிக் கேட்டால் முகம் வாடிப்போகும்.

இன்னொன்று, இதுதான் பெரிய சிக்கல். கல்யாணமாகி கொஞ்ச நாளான பெண்ணிடம் "ஏதும் விசேஷம் உண்டா?" என்றால் முழுகாம இருக்கியா என்று அர்த்தம். குழந்தைக்காகக் காத்திருக்கிறவங்களுக்கு அந்த ஒரு கேள்வி எவ்வளவு வலிக்கும்! கேட்காமலே இருங்க. அவங்ககிட்ட "வேலையெல்லாம் எப்படிப் போகுது?" என்று ஆரம்பிக்கலாம். துக்க வீட்டிலும் இந்தச் சொல் வரவே கூடாது. விசேஷம் என்றாலே கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று நல்ல காரியம்தான் நினைவுக்கு வரும்.

பட்டு, நகை என்று புறப்பட்டவரைப் பார்த்து "என்ன, விசேஷமா?" என்பது தனி. அங்கே "ஆமா, சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணம்" என்று நேரடியா பதில் சொல்லணும். "மா" என்று முடிவதைக் கவனிங்க.

பழகுதமிழ்:
நன்றி. பேசி முடிக்கும்போதும் "வேற என்ன விசேஷம்?" வருகிறதே?

கரிசல்மண்:
"வேற" சேர்ந்து, பின்னாடி கொஞ்சம் மௌனமும் இருந்தா பேச்சு முடியப்போகுதுன்னு அர்த்தம். அங்கே புதுக் கதை ஆரம்பிக்காதீங்க. "வேற ஒண்ணுமில்ல, அப்ப வெச்சிடவா?" என்று கேட்டு, அவங்க "சரி" சொன்ன பிறகு போனை வைங்க.