துக்கி என்றால் தோகையா? ஒரு புள்ளி வழக்கு

மரத்தடி:
நேற்று ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ரசம் வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டார்: சாலொமோன் அரண்மனையில் தமிழ் பேசினார்களாம், பைபிளிலேயே இருக்கிறதாம், துக்கி என்றால் தோகையாம். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் ரசம் இறங்கவில்லை. விஷயம் இதுதான். 1 இராஜாக்கள் 10:22இல் தர்ஷீஸ் என்ற ஊர்ப் பெயர் கொண்ட கப்பல்கள் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பொன், வெள்ளி, தந்தம், குரங்கு, இவற்றோடு "துக்கிய்யீம்" கொண்டுவந்தன என்று வருகிறது. 2 நாளாகமம் 9:21இல் அதே பட்டியல் மறுபடி. எபிரேய பைபிள் முழுக்க இந்த இரண்டே இடம்தான். கடைசி "ஈம்" பன்மை விகுதி. கால்டுவெல் 1856இல் தன் ஒப்பிலக்கணத்தில் இதைத் தமிழ்த் தோகையோடு, அதாவது மயிலோடு, சேர்த்தார், அன்றிலிருந்து அதுவே வேதவாக்கு. ஆனால் இங்கே ககரம் இரட்டை. காஃப் என்ற எபிரேயக் ககர எழுத்தின் வயிற்றுக்குள் ஒரு புள்ளி இருக்கிறது, இந்த இடத்தில் அதை இரட்டித்துத்தான் படிக்க வேண்டும். தோகையில் ஒற்றைக் ககரம். கூடுதல் க் எங்கிருந்து வந்தது? யாராவது சொன்னால் இலையை மூடிவிடுகிறேன்.

கொற்கைத்துறை:
வந்துவிட்டாரய்யா. போன வருஷம் அரிசிக்கும் கிரேக்க ஒரைசாவுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று குதித்துவிட்டு, நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் காணாமல் போனவர்தானே நீங்கள்? சரி, புள்ளிக்கு வருகிறேன். அதை வைத்தது யார், சாலொமோனா? எபிரேய பைபிளுக்கு உச்சரிப்புக் குறிகள் போட்ட யூத அறிஞர்கள், மசோரெட்டுகள். கி.பி. 7ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் நடுவில். சாலொமோன் கி.மு. 10ஆம் நூற்றாண்டு. மூலத்தில் இருக்கும் எழுத்துகள் தாவ், காஃப், இரண்டு யோத், ஒரு மேம், அவ்வளவுதான். நாளாகமத்தில் கூடவே ஒரு வாவ் இருக்கிறது, அந்த வாவை உ என்றும் படிக்கலாம், ஓ என்றும் படிக்கலாம். நான் தோகி என்று படிக்கிறேன், என்ன செய்வீர்கள்?

மரத்தடி:
புள்ளி பிந்தி வந்தது என்றால் உச்சரிப்பும் பிந்தி வந்ததா? ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள், ஓலை கிழிந்துவிடும் என்று. அதற்காக நம் தாத்தாக்கள் அம்மாவை "அமமா" என்றா கூப்பிட்டார்கள்?

கொற்கைத்துறை:
ஆஹா, நன்றி. அதே ஓலையில் தொ எது, தோ எது என்றும் தெரியாது, வீரமாமுனிவர் வந்துதான் அதைச் சீர் செய்தார். நம் சுவடியையே இடம் பார்த்துத்தான் படிக்கிறோம். மூன்று வருஷப் பயணம், தந்தம், குரங்கு, பக்கத்தில் ஒரு பறவை. இடம் பார்த்தால் மயில். புள்ளி பார்த்தால் மரத்தடி ஐயாவின் மன நிம்மதி.

அத்திமரம்:
பறவை என்று யார் சொன்னது? பைபிள் தொல்லியல் ஆய்வாளர் ஆல்பிரைட் அதை எகிப்தியச் சொல்லாகப் பார்த்தார், எகிப்திய மொழியில் ஒரு வகைக் குரங்குக்கு "கீ" மாதிரி ஒரு பெயர் உண்டு. கப்பல் உடைந்த மாலுமி ஒருவனுக்குப் பாம்பு பரிசு கொடுக்கிற பழைய எகிப்தியக் கதையிலும் தந்தமும் இரண்டு வகைக் குரங்கும் சேர்ந்தே வரும். ஆங்கில என்ஐவி பைபிளில் பபூன் என்றே போட்டிருக்கிறார்கள்.

கொற்கைத்துறை:
அதாவது மகாராஜா குரங்கு வாங்கினார், அப்புறம் இன்னொரு குரங்கும் வாங்கினார். மூன்று வருஷம் கப்பல் ஓட்டி. பழைய லத்தீன் பைபிளான வல்கேட்டில் மயில், அரமேய மொழிபெயர்ப்பான தார்கூமில் மயில், நம் தமிழ் பைபிளில் மயில். இவர்கள் எல்லோரும் முட்டாள்கள், என்ஐவிக்காரர் மட்டும் புத்திசாலியா?

அத்திமரம்:
எழுபதின்மரின் கிரேக்க மொழிபெயர்ப்பில், முக்கியமான ஒரு பழைய படியில் இந்த இடத்தில் மயிலும் இல்லை, குரங்கும் இல்லை, செதுக்கிய கல்தான் இருக்கிறது. அதையும் சொல்லுங்கள். இன்றைய இஸ்ரேலில் துக்கி என்றால் கிளி. மயிலுக்கு தவாஸ்.

வடமராட்சி:
எல்லாரும் இந்தியாவிலேயே நிற்கிறீர்கள். இலங்கையைப் பற்றிப் புத்தகம் எழுதின எமர்சன் டென்னன்ட் 1859இலேயே எங்கட காலித் துறைமுகம்தான் தர்ஷீஸ் என்று எழுதினவர். மயில் இலங்கையிலும் உண்டுதானே?

கொற்கைத்துறை:
தம்பி, பங்கு பிரிப்பதை அப்புறம் வைத்துக்கொள்வோம்.

வடமராட்சி:
எப்பவும் இதுதான். பெருமை வந்தால் உங்களுக்கு, மற்றதுக்கு நாங்கள் தம்பி.

காட்டுவாசி:
ஆப்பிரிக்காவிலும் மயில் உண்டு, காங்கோ மயில். 1936இல்தான் அறிவியலுக்கே தெரிந்தது.

கொற்கைத்துறை:
அதற்கு நீளத் தோகையே கிடையாது சாமி! தோகை இல்லாத மயிலை வைத்துத் தோகையை மறுக்க வந்தீரா?

மரத்தடி:
மயில் எங்கே இருந்தது என்று நான் கேட்கவில்லை. மயில் என்று நேரான பெயர் இருக்கும்போது கடைக்காரன் ஏன் "தோகை" என்று விற்றான் என்றும் கேட்கவில்லை. இரட்டைக் ககரம். அதற்கு மட்டும் பதில்.

கொற்கைத்துறை:
வாங்குகிறவன் கண் போவது தோகைமேல், அதனால் அந்தப் பெயரில் விற்றான். முழுப் பறவையையும் தோகை என்பது சங்கப் பாட்டிலேயே உண்டு, ஆகுபெயர், பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். கி.மு. 1213இல் இறந்த இரண்டாம் ராமேசஸின் மம்மி மூக்கில் மிளகு இருந்தது. நம்ம பக்கத்து மிளகு. மிளகு போன வழியில் மயில் போகாதா? கப்பலில் ஏற மயிலும் புள்ளி வைத்திருக்க வேண்டுமா? ஒருவன் வாயிலிருந்து இன்னொருவன் காதுக்குப் போகும்போது ஓசை இரட்டிக்கும், குறுகும், நீளும். துறைமுகத்தில் நின்று பாருங்கள்.

மரத்தடி:
எந்தத் துறைமுகத்தில் நின்றீர்கள்? நிரூபணம் கேட்டால் மிளகைத் தூவுகிறீர்கள். மிளகு போனது உண்மை, அதற்கும் ககரத்துக்கும் என்ன?

அத்திமரம்:
இப்படியே போனால் 10:11இல் வரும் அல்முக் மரமும் தமிழ் என்பார். அது உகாரித் என்ற பழைய மேற்காசிய மொழியிலும் உண்டு, இன்னொரு பழைய மொழியான அக்காடியத்தில் எலம்மக்கு.

கொற்கைத்துறை:
அத்திமரம், நீங்கள் பத்து நாளாகப் பெயரை மாற்றிக்கொண்டு அலைகிறீர்கள் என்று எல்லோருக்கும் தெரியும். முதலில் உங்கள் மரத்தின் பெயரை உறுதி செய்யுங்கள். அல்முக்குக்கு நாளை வருகிறேன், சந்தனக் கட்டையோடு.

காட்டுவாசி:
காங்கோ மயிலுக்குக் கொண்டை உண்டு. அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

மரத்தடி:
புள்ளி?

கொற்கைத்துறை:
அரிசி?