மண்டபம் மொட்டைமாடியிலிருந்து அகச்சிவப்பில் கரிம மூலக்கூறு பார்க்க முடியுமா?

கேள்வி (பாக்நீரிணை):
8 அங்குல எதிரொளிப்புத் தொலைநோக்கி, குவியத்தூரம் 1000 மி.மீ. கருப்பு-வெள்ளை கேமரா, 2.9 மைக்ரான் பிக்சல், 1936 பிக்சல் அகலம். ஓரியன் நெபுலாவின் 3.3 மைக்ரான் ஹைட்ரோகார்பன் பட்டை இதில் சிக்குமா?

வறண்டகண்மாய்:
சிக்காது. சிலிக்கான் சென்சார் 1.1 மைக்ரானோடு கண்ணை மூடிக்கும். வேறு சென்சார் கிடைச்சாலும் கடல்மட்டத்து நீராவி பாதியை விழுங்கிடும். அதுபோக குழாய், கண்ணாடி, காற்று எல்லாமே 300 கெல்வினில் தானாக ஒளிருது, உச்சம் 10 மைக்ரான் பக்கம். வெப் விண்வெளித் தொலைநோக்கியின் மிரி என்ற அகச்சிவப்புக் கருவியை 7 கெல்வினுக்குக் கீழே குளிர வைக்கிறது இதுக்காகத்தான்.

உங்களால் முடிவது யுரேனஸின் மீத்தேன்: அது ஒளியை உறிஞ்சி நிறமாலையில் பள்ளம் விழும் இடங்கள் 727, 889 நானோமீட்டர். மி.மீ.க்கு 100 கோடு உள்ள கீற்றணியை (ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் தகடு) சென்சாருக்கு 50 மி.மீ. முன்னால் திருகுங்க. பிக்சலுக்கு 0.58 நா.மீ. வரும். பிரியாமல் நேரே விழும் பூஜ்ய வரிசைப் புள்ளியிலிருந்து ஏறக்குறைய 1530ஆவது பிக்சலில் 889. புள்ளியை ஓரத்தில் வெச்சாத்தான் இடம் பத்தும்.

பாக்நீரிணை:
வியாழன் இன்னும் வெளிச்சமாச்சே?

வறண்டகண்மாய்:
பிளவு (ஒளியை மெல்லிய கோடாக்கும் இடுக்கு) இல்லாத அமைப்பில் கோள்வட்டின் அகலமே பிரிதிறன். வியாழன் 40 விகலை (ஒரு விகலை பாகையில் 3600இல் ஒரு பங்கு), அதாவது 67 பிக்சல்; 39 நா.மீ. குழம்பிப்போகும். யுரேனஸ் ஆறே பிக்சல்.

உப்புக்காத்து:
மேலே ஒண்ணு விட்டுப்போச்சு. 445 நா.மீ. நீலத்தின் இரண்டாம் வரிசை (கீற்றணி இரட்டிப்பு தூரத்தில் போடும் இன்னொரு நிறமாலை) சரியா 889 மேலேயே விழும், பள்ளம் மேடாயிடும். 610 நா.மீ. சிவப்பு ஃபில்டர் கட்டாயம். 760இல் உள்ள நம்ம காற்றின் ஆக்சிஜன் பட்டையை அளவுகோலா வெச்சுக்கங்க. வானில் யுரேனஸ் இருக்கும் அதே உயரத்தில் சூரியனை ஒத்த ஜி2 வகை நட்சத்திரம் ஒண்ணை எடுத்து அதால வகுங்க. ஆக்சிஜனும் 940 பக்கத்து நீராவியும் பெரும்பாலும் கழிஞ்சு, மீத்தேன் நிற்கும். ரெண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரம் விட்டா நம்ம ஊர் ஈரத்துக்கு அந்தக் கணக்கு நிற்காது.

யுரேனஸ் இப்போ ரிஷபத்தில், எதிரமைவு (சூரியனுக்கு நேர் எதிரே வருவது) நவம்பரில். நமக்கு அப்போ அடைமழை. தை, மாசி முன்னிரவே போதும்.

3.3 ஆசை விடலைன்னா, மாஸ்ட் என்ற விண்வெளித் தொலைநோக்கித் தரவுக் காப்பகத்தில் வெப்பின் 1288ஆம் திட்டம், ஓரியன் பார் (ஓரியன் நெபுலாவின் ஒரு பகுதி), இலவசம். 3.3 மைக்ரானுக்கு வெப்பின் நிர்ஸ்பெக் கருவிக் கோப்பு, மற்ற ஹைட்ரோகார்பன் பட்டைகளான 6.2, 7.7, 8.6, 11.3க்கு மிரி. 12.81இல் ஊசி மாதிரி நிற்பது நியான் அயனி. ஹைட்ரோகார்பன் பட்டை 12.7இல் அகலமா இருக்கும். புதுசா பார்க்கிறவங்க வழுக்குற இடம் அதுதான்.

கீற்றணியைத் துணியால் துடைக்காதீங்க, ஊதுபந்து மட்டும். உப்புப் படிஞ்ச தொலைநோக்கிக் கண்ணாடியைக் காய்ஞ்ச துணியால் தேய்ச்சா அலுமினியப் பூச்சு கீறிடும். முதல்ல காய்ச்சி வடித்த தண்ணியை ஓடவிடுங்க.